துரை அண்ணையின் ஓம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ நோர்வேயிலிருந்து போன் எடுத்தபோது நான் கேட்டதற்கெல்லாம் ஓம் என்றாய். சாப்பிட்டாயோ, ஓம். குளிர் குறைந்துவிட்டதோ, ஓம். தை மாதக் கலியாணத்துக்கு மண்டபத்தைச் சொல்லிவிடட்டோ, ஓம். இடையில், துரை அண்ணையோடு கதைத்தாயோ என்றும் கேட்டேன். அதற்கும் ஓம் என்றாய். அடுத்த நாள் ஐஸ் தொழிற்சாலைக்குப் போன இடத்தில் அவரிடமே விசாரித்தேன். "தம்பியோ? இல்லையே மிஸ். அவர் ஏன் என்னோட கதைக்கப்போறார்?" என்றார். நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. நான் கேட்டது உனக்குச் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம். அல்லது கேட்டும் கேளாத மாதிரி ஒரு ஓம் வந்திருக்கலாம். இரண்டில் எது என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் பிறந்தநாளுக்குக்கூட ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. இதை உறையிலிட்டு ஒட்டாமல், அச்சில் எல்லாரும் வாசிக்கக்கூடிய இடத்தில் கொடுக்கிறேன். நீ துரை அண்ணையைப் பற்றிச் சொன்ன சொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவில்லை. தொழிற்சாலை முற்றத்தில் ஆட்கள் நிற்கச் சொன்னாய். அதைப் பற்றி நான் சொல்லப்போவதும் முற்றத்திலேயே இருக்கட்டும். அவர் பெயரை எழுதலாமோ என்று அவரிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்கோ மிஸ். என்ரை கலியாண அழைப்புக் காட்டுக்குப் பிறகு என்ரை பேர் ஒண்டிலயும் அச்சடிச்சு வரேல்லை" என்றார். உன் பெயரை நான் எழுதவில்லை. தாய்க்கு அந்த அளவு பக்கச்சார்பு இருக்கலாம்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். கோப்பாயில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து வேலைக்கூடத்தில் நான் சத்தமான இடங்களுக்கான தொலைபேசி றிசீவர் செய்கிறேன். அரிசி ஆலை, ஜெனரேற்றர் அறை, ஐஸ் தொழிற்சாலை மாதிரியான இடங்கள். அங்கே கைத்தொலைபேசி சரிவராது. கையில் ஈரம், எண்ணெய், உப்பு. சுவர் தடிப்பு. சுவரில் பூட்டிய பழைய மாதிரிப் போன்தான் நின்றுபிடிக்கும். ஆனால் மறுமுனையில் கதைப்பது அந்த இரைச்சலுக்குள் கேட்க வேண்டுமே. அதற்கு வழி உண்டு. றிசீவரின் காதுப் பக்கத்துக்குள் ஒரு சின்ன மைக்கை வைத்தால், காதுக்குப் போகிற இரைச்சலை அது பிடிக்கும். அந்த இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலியை உள்ளே இருக்கிற ஒலிபெருக்கி எழுப்பும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும். கதைக்கிறவரின் குரல் மிஞ்சும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த பௌதிகத்தில் இது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. கையால் செய்துமுடிக்கச் சில வருடங்கள் போயின. தலைமயிரும் அதற்குள் நரைத்தது.

அந்த ஒரு பக்கத்தில் இல்லாத சாமான் காது. றிசீவருக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சின்ன வெளி அடைபடுகிறது. அந்த வெளி எவ்வளவு பெரிது, விளிம்பால் எவ்வளவு காற்றுக் கசிகிறது என்பதை வைத்துத்தான் எதிர் ஒலியைக் கணக்கிட வேண்டும். கணக்குப் போட எனக்கு ஒரு காது தேவைப்பட்டது. வீட்டில் சும்மா இருந்த காது உன்னுடையது. பல் வைத்தியர்கள் அச்செடுக்கிற பசையை உன் காதில் நிரப்பி, உன்னைக் கதிரையில் சரித்துவைத்தேன். அப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். "இவ்வளவு நாளும் நாங்கள் சொன்னது ஒண்டும் உள்ளுக்குப் போகேல்லை. இப்ப முழுசா அடைச்சும் போட்டாய்" என்றார். நீ சிரித்த சிரிப்பில் அச்சுப் பிழைத்து, திரும்பவும் எடுக்க வேண்டிவந்தது. அதிலிருந்து வார்த்த றப்பர் காதை மேசையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக வேலை செய்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் நீ வராத நாட்களில் அந்தக் காதிடம் ஏசியிருக்கிறேன். அது உன்னைவிடக் கவனமாகக் கேட்டது.

கடைசியில் உன் சொந்தக் காதிலேயே றிசீவரைப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் ஜெனரேற்றரைப் போட்டு, சுவிச்சை அழுத்தினேன். "அம்மா, ஜெனரேற்றர் நிண்டுட்டுது!" என்று கத்தினாய். அது உன் காலடியில் அதிர்ந்துகொண்டு நின்றது. தம்பி, நான் எதையும் இலகுவில் நம்பாதவள். கோயிலில் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்கிறவள். அதற்காக என் தாயிடம் சின்ன வயதில் குட்டு வாங்கியிருக்கிறேன். உன் அந்தக் கத்தலை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினேன். அது ஒரு காதின் சாட்சி, அதுவும் எந்தக் காதைப் பார்த்துச் செய்தேனோ அதே காதின் சாட்சி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தாய்மாருக்கு வருகிற பிழை என்று சொல்லித் தப்பலாம். படித்த ஆட்களுக்கும் அதே பிழை வரும்.

வடமராட்சிக் கரையில் இருக்கிற அந்த ஐஸ் தொழிற்சாலையைப் பிடித்தது நீ. முதலாளியோடு கதைத்ததும் நீ. அந்தக் கெட்டித்தனம் என்னிடம் இல்லை, அப்பாவிடமும் இல்லை. எங்கிருந்து வந்ததென்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்திருக்கிறோம். கணக்கு வழக்குப் பார்க்கிற கந்தோரில் ஒரு போனும், ஐஸை உறையவைக்கிற கொம்பிறசர் ஓடுகிற அறையில் என்னுடைய றிசீவர் பூட்டிய போனும் வைத்தோம். கொம்பிறசரைப் பார்ப்பவர் துரை அண்ணை. உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வருபவர். குளிருக்குள்ளும் வெக்கைக்குள்ளும் மாறி மாறிப் போய்வருவதால் தலையையும் காதையும் சேர்த்து ஒரு துவாயால் கட்டியிருப்பார். நான் கந்தோரிலிருந்து எடுத்து, "கேக்குதோ அண்ணை?" என்றேன். "ஓம் மிஸ், வடிவாக் கேக்குது" என்றார். குழாய்கள் திருத்துகிற யோகனை எடுக்கச் சொன்னேன். "ஓம் மிஸ், வடிவாக் கேக்குது." கந்தோர்ப் பிள்ளை ரஜனி அந்த அறைக்குப் போய் எடுத்தாள். அவளுக்கும் வடிவாகக் கேட்டது. ஒவ்வொரு ஓமுக்கும் நீ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் காட்டினாய்.

கேக்குதோ என்று கேட்டால் எங்கள் ஊரில் யார் இல்லை என்பார்கள்? ஒரு பெண் மினக்கெட்டு ஒரு சாமானைச் செய்து கொண்டுவந்து நீட்டிக் கேட்கிறாள். "ஒண்டும் விளங்கேல்லை மிஸ்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் மனம் வராது. கேள்வி கேளாமல் போனாலும் ஓம் வரும். இரைச்சலுக்குள் ஒரு குரல் இழுத்துக்கொண்டு முடிகிறது, போனை எடுத்தவுடன் வேறு என்னத்தைக் கேட்கப்போகிறார்கள்? நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், எங்களுக்குள் ஒரு வில்லங்கமும் இல்லை. எங்கள் ஓமில் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான். நான் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். இந்த மண்ணில் பிறந்து, இந்த ஓமைக் கேட்டு வளர்ந்து, நானும் ஆயிரம் பேருக்கு அப்படி ஓம் சொல்லிவிட்டு, அதைப் போய் ஒரு சோதனை முடிவு என்று நம்பினேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அதை நீ சொல்கிற மாதிரியும் நான் சொல்கிற மாதிரியும் வேறு என்பதால் எழுதுகிறேன். ஒருநாள் யோகன் வெளியில் அமோனியாக் குழாய் ஒன்றைக் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தான். ரஜனி கந்தோரிலிருந்து கொம்பிறசர் அறைக்கு எடுத்து, "அண்ணை, ரெண்டாம் வால்வைத் திறவாதேங்கோ, யோகன் லைனில நிக்கிறான்" என்று சொல்லத் தொடங்கினாள். திறவாதேங்கோ என்ற சொல்லில் வேண்டாம் என்பது நடுவில்தான் இருக்கிறது, அழுத்தமில்லாத சின்னச் சத்தமாக. அது போய்விட்டால் மிஞ்சுவது திறவுங்கோ. துரை அண்ணைக்கு அதுதான் கேட்டது. "ஓம் பிள்ளை" என்று வைத்துவிட்டார். யோகன் என்ற பெயர் வரும்போது போன் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வால்வைத் திறந்தார். யோகனின் முகத்தில் அமோனியா அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அமுக்கிப் பிடித்துக் கழுவியபடியால் கண் தப்பியது. பல நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளி முற்றத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். "காது கேளாதவனைக் கொம்பிறசர் அறைக்குள்ள விட்டது என்ரை பிழை!" பிறகு உன் பக்கம் திரும்பி, "தம்பி, உங்கடை போன் வேலை செய்ததுதானே?" என்று கேட்டார். நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "போனில ஒரு பிழையும் இல்லை. துரை அண்ணைக்குக் காது கொஞ்சம் மந்தம் போல. வயசும் போகுதெல்லே" என்றாய். அவர் உன்னிலிருந்து நாலடி தூரத்தில் நின்றார். உன்னைப் பார்த்து, "ஓம் தம்பி" என்றார். அவ்வளவுதான். துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நீ சொன்னது அவருக்குக் கேட்டதோ, வழக்கமான ஓம்தானோ என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. இப்போது நிச்சயம். அவருக்கு வடிவாகக் கேட்டது. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். போன் பிழையோ காது பிழையோ என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரியாது என்றாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் நீ சொன்னது இது: "அம்மா, ரஜனி சொன்னவ. அவர் ஓம் எண்டவர். இதுக்குள்ள போன் எங்கை வருது?" அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "உன்ரை அம்மாட்டைக் கேள். முப்பது வருசமா நானும் ஓம் எண்டுதான் சொல்லுறன். அவ நம்புறாவோ?" என்றார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை, ஆனால் அந்தக் கதை மனதில் கிடந்து உறுத்தியது. அடுத்த நாள் உன்னிடம் சொல்லாமல் றிசீவரைப் பையில் போட்டுக்கொண்டு உடுப்பிட்டிக்கு பஸ் எடுத்தேன்.

துரை அண்ணை கிணற்றடியில் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். நான் படலையில் நின்று, இங்கே நான் வழக்கமாகக் கதைப்பதைவிட மெதுவாக, "அண்ணை" என்றேன். உடனே திரும்பினார். அவருடைய மனைவி வெளியில் வந்து, நான் வந்த காரணத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்தார். "இவருக்குக் காது கேளாதெண்டு ஆர் மிஸ் சொன்னது? நான் குசினிக்குள்ள மீன் பொரிச்சா, படலையில நிண்டுகொண்டு எத்தினை துண்டு போட்டனான் எண்டு சொல்லுற மனிசன்." துரை அண்ணை, "வால் துண்டு தனியாப் பொரியும் மிஸ், அது வேற சத்தம்" என்றார். அந்த வீட்டில் நான் சிரித்திருக்கக்கூடாது, சிரித்துவிட்டேன்.

றிசீவரைக் கொடுத்து, "அண்டைக்குப் பிடிச்ச மாதிரிப் பிடியுங்கோ அண்ணை" என்றேன். அவர் பிடித்தார். துவாய்க்கு மேலே, மேல் விளிம்பு காதில் தொட்டும் தொடாமலும், கீழ் விளிம்பு வெளிப்பக்கம் சரிந்து, ஒரு விரல் போகிற இடைவெளியோடு. அந்த நேரம் அவர் மனைவி, ஒன்றும் யோசிக்காமல், அந்த இடைவெளிக்குத் தன் தலையைக் கொண்டுவந்து சாய்த்தார். இணைப்பே இல்லாத றிசீவரில் இரண்டு பேரும் காதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "ஏன் அண்ணை சரிச்சுப் பிடிக்கிறியள்?" என்று கேட்டேன். "இப்பிடிப் பிடிச்சாத்தானே மிஸ் இவவுக்கும் கேக்கும்" என்றார். அவர்களுடைய மகள் ஜேர்மனியில் இருக்கிறாள்.

உனக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை. வீட்டுக்கு வீடு போன் வராத காலத்தில் சந்தியில் ஒரு கொமினிக்கேசன் கடை இருந்தது. கனடாவிலிருந்து உன் பெரியப்பா எடுக்கிற நாளில் நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டுப் போய் வாங்கில் காத்திருப்போம். கூப்பிட்டதும் ஒரு றிசீவரைச் சுற்றி எல்லாத் தலையும் சேரும். அப்பா அதைக் காதில் அழுத்திப் பிடித்ததே இல்லை. சரித்து, எட்டி, எங்களுக்கும் ஒரு பங்கு விட்டுத்தான் பிடிப்பார். நீ என் இடுப்பில் இருந்துகொண்டு உன் தலையையும் உள்ளே நுழைப்பாய். ஒருவருக்கும் முழுதாகக் கேட்காது. எல்லாரும் ஓம், ஓம் என்போம். வீட்டுக்கு நடந்து வரும்போது ஆளுக்கொரு துண்டாகப் பொருத்தி, அவர் என்ன சொன்னார் என்று முடிவுசெய்வோம். ஒருமுறை அவருக்குப் பெண் பிள்ளை பிறந்ததென்று நான் சொல்ல, ஆண் பிள்ளை என்று அப்பா அடித்துச் சொன்னார். படம் வந்த பிறகுதான் அது வாங்கின கார் என்று தெரிந்தது. அப்படிக் கேட்டுப் பழகிய ஆட்களின் கை, காதோடு றிசீவரை இறுக்கி மூடாது. நீ வளர்ந்தபோது போன் ஆளுக்கொன்றாகிவிட்டது. நீ உன் காதோடு அழுத்திப் பிடிப்பாய். நான் அந்தக் காதுக்குச் செய்தேன்.

திரும்பி வந்து அளந்து பார்த்தேன். அழுத்திப் பிடித்தால் இரைச்சல் அடங்குகிறது. துரை அண்ணை பிடிக்கிற மாதிரிச் சரித்துப் பிடித்தால், எதிர் ஒலி இடைவெளியால் வெளியே ஓடிவிடுகிறது. இரைச்சல் அப்படியே நிற்கிறது, கதைக்கிறவரின் குரலும் மெலிகிறது. முதலில் போவது அழுத்தமில்லாத அசைகள். ரஜனி பிடித்துப் பார்த்தாள். அவளுடைய தோட்டில் விளிம்பு முட்டி, இன்னொரு விதமாகக் கசிந்தது. யோகன் கண்ணில் கட்டோடு இருந்ததால் அவனைக் கேட்கவில்லை. நான் உன்னைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். "அப்ப 'அழுத்திப் பிடிக்கவும்' எண்டு ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுவம்" என்றாய். இரைச்சலுக்குள் அவசரமாக ஓடிவந்து போன் எடுக்கிற மனிதர் ஸ்ரிக்கரை வாசித்துவிட்டா காதில் வைப்பார் என்று கேட்டேன். நான் சட்டையை மாற்றிக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

பிழை என்னுடைய றிசீவரில் என்றேன். "மிஸ், தன்ரை சாமான் பிழை எண்டு தானே வந்து சொல்லுற வியாபாரியை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் அவர். "வியாபாரி நான் இல்லை, அது தம்பி" என்றேன். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். துரை அண்ணையை உடனே கொம்பிறசர் அறைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் போல முற்றத்தில் ஐஸ் கட்டி ஏற்றுகிற வேலை கொடுத்தார். நீ நோர்வேக்குப் போகிறதற்கு முதல் என்னிடம் சொன்ன கடைசிக் கதை, "நீங்கள் என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டியள்" என்பது. பிறகு பஸ் வரும்வரை எல்லாவற்றுக்கும் ஓம். பாஸ்போட் எடுத்தாயோ, ஓம். போய்ச் சேர்ந்ததும் எடு, ஓம்.

இவ்வளவு நாளும் அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. களைப்பும் ஒரு காரணம். இப்போது சொல்கிறேன். நீ பொய் சொல்லவில்லை. உன் காதில் அந்தப் போனுக்கு ஒரு பிழையும் இருக்கவில்லை. உன் காதில் உண்மையாக இருந்ததை எடுத்து இன்னொருவர் தலையில் வைத்தாய், அது அந்தத் தலைக்குப் பொருந்தாதபோது தலையில் பிழை என்றாய். அதைச் செய்ய உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தேடிப் போக வேண்டியதில்லை. மேசையில் ஒரே ஒரு றப்பர் காதை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக வேலை செய்தவள்தான்.

காதையும் திருத்த முடியாது, பிடிக்கிற கையையும் திருத்த முடியாது என்று ஒருபாடாக விளங்கிய பிறகு, கசிவை நிறுத்தப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காதுப் பக்கத்து விளிம்பில் நானே பெரிய துளைகள் போட்டேன். எந்தக் காதாலும் எந்தத் துவாயாலும் முழுவதும் மூட முடியாத இடங்களில். இப்போது இறுக்கிப் பிடித்தாலும் கசியும், சரித்துப் பிடித்தாலும் கசியும். நான் வைத்த கசிவு பெரிது, ஆட்கள் சேர்க்கிற கசிவு அதன் முன்னால் சின்னது. ஆகவே ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாக இல்லை. பெரிய ஒலிபெருக்கி போட்டு, அந்தக் கசிவையும் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. உன் றப்பர் காதில் வைத்தும் பார்த்தேன். நீ அன்றைக்குக் கத்திய அந்த அமைதி இனிக் கிடைக்காது. ஜெனரேற்றர் நிற்கவில்லை, பக்கத்து வளவுக்குள் ஓடுகிற மாதிரிக் கேட்டது. ஆனால் ரஜனிக்கும் அப்பாவுக்கும் துரை அண்ணைக்கும், அவருடைய துவாய்க்கு மேலாலும், அதே பக்கத்து வளவுக்குள்தான் ஓடியது.

சோதனையில் இப்போது கேக்குதோ என்று ஒருவரும் கேட்பதில்லை. திறவுங்கோ, திறவாதேங்கோ, ஏத்துங்கோ, ஏத்தாதேங்கோ என்று ரஜனி கலந்து சொல்வாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓம் என்றால் பிழை. இது நடக்கிறதைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி மறுபடி ஒரு போனைப் பூட்ட இடம் தந்தார், துரை அண்ணையையும் திரும்ப உள்ளே விட்டார். முதல் நாள் ரஜனி பகிடிக்கு, "துரை அண்ணை இண்டைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தருவார்" என்று போனில் சொல்லியிருக்கிறாள். கொம்பிறசர் அறையிலிருந்து முற்றம் முழுவதும் கேட்கப் பதில் வந்தது: "துரை அண்ணை ஒருத்தருக்கும் வாங்கித் தரமாட்டார்! வடிவாக் கேட்டது பிள்ளை!" யோகன் இப்போது வேலைக்கு வருகிறான். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிறான், அதைக் கழற்றச் சொன்னால் நிழலிலும் கழற்றுகிறானில்லை.

கலியாணத்துக்கு முன் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீ கட்டப்போகிற நிலா நல்ல பிள்ளை. அங்கே பிறந்தவள், அவளுடைய தமிழ் மெல்லியது. நான் போனில் என்ன சொன்னாலும் "ஓம் மாமி" என்கிறாள். விளங்கித்தான் சொல்கிறாளோ, என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சொல்கிறாளோ தெரியாது. நீ அவளிடம் ஏதும் முக்கியமானதைச் சொன்னால் அவள் ஓமை எடுத்துக்கொண்டு போய்விடாதே. உன் ஓமையும் அவளிடம் மலிவாகக் கொடுக்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அமைதி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நானும் அப்பாவும் அந்தப் பக்கத்து வளவு ஜெனரேற்றரோடுதான் இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம்.

இனி நான் கேட்க வந்தது. துரை அண்ணைக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் நீ முற்றத்தில் சொன்ன சொல் இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது. லொறிக்காரர்கள் அவரிடம் கத்தித்தான் கதைக்கிறார்கள். ஐஸ் வாங்க வருகிற மீன்காரப் பெண் ஒருத்தி போன கிழமை அவருக்குக் கையால் சைகை காட்டினாள். அவர் அதற்கும் ஓம் என்றார். நான் போன் பிழை என்று சொன்னதை முதலாளி கேட்டார், ஆட்கள் கேட்கவில்லை. என் சொல் அங்கே எடுபடாது. என் சாமானைப் பற்றி நான் சொல்கிற கதை அது. முதலாளி கோபத்தில் கத்தியதுக்கு மேலாக, அவர் காதைப் பற்றித் தெரிந்த ஆள் மாதிரிச் சொன்னவன் நீ, அதை எடுக்க வேண்டியவனும் நீதான். கலியாணக் காட்டில் அவர் பெயரை எழுதிக் கொடுக்க எனக்கு விருப்பம். நீ கதைக்காமல் அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக என்னால் முடியாது.

ஆகவே கந்தோருக்கு எடு. ரஜனி உன்னைக் கொம்பிறசர் அறைக்குத் தொடுத்துவிடுவாள், நான் சொல்லிவைத்திருக்கிறேன். கொம்பிறசர் ஓடாத நேரம் பார்க்காதே, ஓடுகிற நேரத்தில் எடு. அவர் றிசீவரை எப்படிப் பிடித்தாலும் நீ பிடித்தால் கேட்கிற மாதிரியே கேட்கும், அதற்கு நான் பொறுப்பு. சொல்ல வேண்டியதைச் சொல். நீ வாயைத் திறக்க முதலே "ஓம் தம்பி" என்பார், நீ எதற்கு எடுத்தாய் என்று கேளாமலே மன்னித்தும் விடுவார். அந்த ஓமோடு வைத்துவிடாதே. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ அண்ணை என்று கேள். அந்த இரைச்சலுக்குள் நிற்கிறவர் மெதுவாகச் சொல்லமாட்டார். கத்தித்தான் சொல்வார். துரை அண்ணைக்குக் காதில் ஒரு பிழையும் இல்லை, நான் சொன்னதுதான் பிழை என்று தம்பி சொல்கிறார் என்று அவர் வாயாலேயே முற்றம் முழுவதும் கேட்கட்டும். எந்த நாள் எடுக்கிறாய் என்று மட்டும் எனக்குச் சொல். அன்றைக்கு நான் முற்றத்தில் வந்து, முதல் பேசாமல் நின்ற அதே இடத்தில் நிற்பேன்.

அம்மா